சிலம்புக்குள் இருப்பது முத்தா, மாணிக்கமா?

கும்பகோணத்தில் மாலை வேளைகளில் இளங்கலை ஆங்கிலம் படிக்கும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். பருவத் தேர்வு நெருங்கினால் எல்லா நோட்டுகளிலும் ஒரே பட்டியல் முளைத்துவிடும். பக்கத்தின் நடுவே ஒரு கோடு. இடப்புறம் பேச்சுக்கு அழகு சேர்க்கும் உத்திகள்: மெட்டஃபர், அனாஃபரா, ஐரனி, ஹைப்பர்பலி, ரெடாரிக்கல் கொஸ்டின். வலப்புறம் வாதத்தில் வரும் பிழைகள், அதாவது ஃபாலசிகள்: ஆட் ஹோமினெம், ஸ்ட்ரா மேன், ரெட் ஹெரிங், ஸ்லிப்பரி ஸ்லோப், பெக்கிங் த கொஸ்டின். இடப்பக்கம் நல்லது, வலப்பக்கம் கெட்டது, மனப்பாடம் செய்தால் மதிப்பெண். போன பருவத்தில் நாகப்பட்டினத்துப் பக்கத்திலிருந்து வரும் ஒரு மாணவி, ரெட் ஹெரிங்குக்கு எதிரே ஒரு மீனை வரைந்து சிவப்பு மை தீட்டியிருந்தாள். என்ன மீன் என்று கேட்டேன். "தெரியவில்லை சார், வெளிநாட்டு மீன்" என்றாள்.

வெளிநாட்டு மீன்தான். ஆனால் அவளுக்கு அந்நியமான மீன் இல்லை. ஹெரிங் நம் மத்திக்கு உறவு. உப்புப் போட்டுப் புகையில் வாட்டினால் செம்பழுப்பாகிவிடும், வாடை ஊரைக் கூட்டும். சுருக்கமாகச் சொன்னால் கருவாடு. 1807இல் வில்லியம் காபெட் என்ற ஆங்கில இதழாளர், தாம் சிறுவனாக இருந்தபோது வேட்டை நாய்களின் மோப்பத்தைக் கெடுக்க இந்த மீனை இழுத்துச் சென்றதாக ஒரு கதை எழுதினார். பொய்ச் செய்தி ஒன்றின் பின்னால் ஓடிய அன்றைய பத்திரிகைகளைக் குத்திக்காட்ட அந்தக் கதை அவருக்கு உதவியது. பேச்சு போய்க்கொண்டிருக்கும் தடத்தில் குறுக்கே கருவாட்டை இழுப்பதுதான் ரெட் ஹெரிங். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தியார் தம் நன்னூலில், ஒரு நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களைச் சொல்லும்போது 'மற்றொன்று விரித்தல்' என்று ஒன்றைச் சேர்த்தார். சொல்ல வந்ததை விட்டுவிட்டு வேறொன்றை நீட்டி முழக்குவது. பவணந்தியார் சொன்னது எழுதுகிறவன் தெரியாமல் செய்யும் பிழை. காபெட்டின் கருவாடு தெரிந்தே இழுப்பது. வேறுபாடு அவ்வளவே.

பெயர்கள்தான் கடல் கடந்து வந்தவை. பொருள் நம் வயலிலும் வாய்க்காலிலும் கிடக்கிறது. ஆனால் பெயரை விடப் பெரிய தொல்லை, அந்த நடுக்கோடு. அது எங்கே விழுகிறது என்பதை நோட்டில் போட முடியாது. ஒரே வாக்கியம் ஓரிடத்தில் கோட்டுக்கு இந்தப் பக்கமும் இன்னோரிடத்தில் அந்தப் பக்கமும் நிற்கும்.

தமிழில் இரண்டுக்கும் நல்ல பெயர்கள் இருக்கின்றன. அணி, போலி. தண்டியலங்காரம் பொருளணிகளாக முப்பத்தைந்தை வகுக்கிறது. போலிகளின் பட்டியலைப் பார்க்க மணிமேகலைக்குப் போகவேண்டும். இருபத்தொன்பதாவது காதையில் அறவண அடிகள் தருக்கம் சொல்லிக்கொடுக்கிறார். மலையில் நெருப்பு இருக்கிறது என்பது பக்கம், அதாவது நிறுவ வேண்டிய கூற்று; புகை தெரிவதால் என்பது ஏது, அதற்கான காரணம்; அடுக்களையைப் போல என்பது எடுத்துக்காட்டு. பிறகு இவை ஒவ்வொன்றும் கெடும் விதங்களை அடுக்குகிறார். பக்கப்போலி மட்டும் ஒன்பது. 'என் தாய் மலடி' என்று ஒருவன் சொல்வது அதில் ஒன்று. சொல்கிறவனே சொன்னதற்குச் சாட்சியாக எதிரில் நிற்கிறான். இதைப் படித்துக் காட்டினால் கடைசி பெஞ்சும் சிரிக்கும். அரிஸ்டாட்டில் தம் பட்டியலில் பதின்மூன்று பிழைகளைச் சொன்னார்: மொழியால் வருவன ஆறு, மொழிக்கு வெளியிலிருந்து வருவன ஏழு. அதை மனப்பாடம் செய்யும் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு, பூம்புகாரில் பிறந்த ஒரு பெண்ணின் கதைக்குள் இப்படி ஒரு தருக்கப் பாடம் இருப்பது தெரியாது. பாடத்திட்டம் வகுத்தவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. தமிழ் வகுப்பும் ஆங்கில வகுப்பும் ஒரே தாழ்வாரத்தில் இருந்தாலும் ஒன்றையொன்று எட்டிப் பார்ப்பதில்லை.

அணியையும் போலியையும் பிரித்தறிய நான் வகுப்பில் எடுத்துக்கொள்வது கண்ணகியின் வழக்கு. அவளும் புகார்க்காரிதான்.

மதுரை அவையில் அவள் முதலில் சொல்லும் சொல் 'தேரா மன்னா'. ஆராயாத மன்னனே என்று விளிக்கும்போதே குற்றப்பத்திரிகை வாசித்தாகிவிட்டது. யார் நீ என்ற கேள்விக்கு, கணவன் பெயரைச் சொல்வதற்கு முன்னால் ஊரைச் சொல்கிறாள். புறாவுக்காகத் தன்னையே கொடுத்தவன் ஊர். கன்றை இழந்த பசு மணியடித்ததற்காகப் பெற்ற மகனைத் தேர்க்காலில் இட்டவன் ஊர். அந்தப் புகார் என் ஊர். அரிஸ்டாட்டில் ஈதாஸ் என்று சொன்னது இதைத்தான்: பேசுகிறவர் மேல் கேட்கிறவருக்கு உண்டாகும் மதிப்பு. அதே மூச்சில், நீதி என்றால் எங்கள் ஊரில் இப்படி இருக்கும் என்று அரசனுக்கு ஓர் அளவுகோலும் கையில் கொடுத்தாகிவிட்டது. கையில் ஒற்றைச் சிலம்பு, விரித்த கூந்தல், கண்ணீர்: இது பேதாஸ். கேட்பவர் மனத்தை அசைப்பது.

இதுவரை அவள் ஒன்றையும் நிரூபிக்கவில்லை. அரசன் அதைச் சரியாகவே பிடித்துக்கொள்கிறான். கள்வனைக் கொல்வது கொடுங்கோல் ஆகாது, அது அரச நீதி என்கிறான். இந்த இடத்தில் பாடத்தை நிறுத்தி, இந்த வாக்கியத்தில் என்ன பிழை என்று கேட்பேன். ஒருவரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். ஏனென்றால் வாக்கியத்தில் பிழையே இல்லை. அந்தக் காலத்து நியாயப்படி ஒவ்வொரு சொல்லும் உண்மை. பிழை, அது விடையாக வந்து நிற்பதில் இருக்கிறது. கோவலன் கள்வனா என்பதுதானே வழக்கு? கள்வன்தான் என்று வைத்துக்கொண்டு அரசன் பேசுகிறான். நிரூபிக்க வேண்டியதையே ஆதாரமாக வைத்துக்கொண்டு நடப்பதற்கு ஆங்கிலத்தில் பெக்கிங் த கொஸ்டின் என்று பெயர். (இன்று ஆங்கிலப் பத்திரிகைகளே இந்தத் தொடரை 'ஒரு கேள்வி எழுகிறது' என்ற பொருளில் எழுதுகின்றன. தேர்வில் அப்படி எழுதினால் மதிப்பெண் போய்விடும்.) அவன் அப்படி நம்பியதற்கும் காரணம் உண்டு. அரண்மனைப் பொற்கொல்லன் சொன்னான். சிலம்பைப் பற்றி அவனை விட யாருக்குத் தெரியும்? வல்லுநர் சொல்லைக் கேட்பது தவறில்லை. அந்த வல்லுநரே திருடனாக இருந்ததுதான் வினை.

கண்ணகி அரச நீதியோடு மல்லுக்கட்டவில்லை. கள்வனையும் மன்னிக்கலாமே என்று மன்றாடவும் இல்லை. என் சிலம்பின் உள்ளே இருப்பது மாணிக்கப் பரல் என்கிறாள். எங்கள் சிலம்பில் இருப்பது முத்து என்கிறான் அரசன். உடைத்தார்கள். மாணிக்கம் தெறித்தது. காரணமும் சான்றும் காட்டி நிறுவுவதை அரிஸ்டாட்டில் லாகாஸ் என்றார். அந்தச் சொல்லுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டை நான் எந்த ஆங்கிலப் பாடநூலிலும் பார்த்ததில்லை.

அணிக்கும் போலிக்கும் இடையிலுள்ள கோடு இங்கேதான் இருக்கிறது என்பது என் துணிபு. கண்ணகியின் பேச்சிலிருந்து ஊர்ப்பெருமையையும் கண்ணீரையும் விளியையும் எடுத்துவிடுங்கள். மாணிக்கம் மிச்சம் இருக்கும். அரசன் சொன்ன வாக்கியத்தின் கம்பீரத்தை எடுத்துவிட்டால் உள்ளே ஒன்றும் இல்லை. அணி, காரணத்தைச் சுமந்துகொண்டு வரும். காரணம் வரவேண்டிய நாற்காலியில் தானே உட்கார்ந்துகொண்டால் அது போலி.

இந்த நேரத்தில் யாராவது ஒருவர் கட்டாயம் கையைத் தூக்குவார். அப்படியானால் பேதெடிக் ஃபாலசி எந்தப் பக்கம்? பெயரில் ஃபாலசி இருப்பதால் ஆண்டுதோறும் பல பிள்ளைகள் அதை வலப்பக்கத்தில் எழுதித் தொலைக்கிறார்கள். 1856இல் ஜான் ரஸ்கின் அந்தப் பெயரை வைத்தார். இயற்கைப் பொருள்களுக்கு மனித உணர்ச்சியை ஏற்றிச் சொல்லும் கவிஞர்களை அவர் கொஞ்சம் கண்டித்தார், அவ்வளவுதான். அது வாதப் பிழை இல்லை, கவிதை உத்தி. நமக்கு இதற்கு நெருங்கிய உறவு தற்குறிப்பேற்ற அணி. கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்கும்போது மதில்மேல் கொடிகள் வராதீர்கள் என்று கைகாட்டி மறிப்பது போல ஆடின என்று பள்ளியிலேயே படித்திருப்போம். கொடி காற்றில் ஆடியது. கவிஞன் தன் குறிப்பை அதில் ஏற்றினான். 'கொடி மறித்தது, ஆகவே கோவலன் குற்றமற்றவன்' என்று யாராவது வழக்காடியிருந்தால்தான் போலியாகியிருக்கும்.

திரும்பத் திரும்பச் சொல்வதும் இப்படித்தான். நன்னூலின் பத்துக் குற்றங்களில் 'கூறியது கூறல்' உண்டு. அதே சமயம் அடுக்குத்தொடருக்கு இலக்கணம் இடம் கொடுக்கிறது. விரைவு, வெகுளி, உவகை, அச்சம், அவலம் வந்தால் சொல் தானாக அடுக்கிக்கொள்ளும். மேட்டூர் அணையைத் திறக்க வழக்கமான நாள் ஜூன் 12. தண்ணீர் மூன்று நான்கு நாளில் கல்லணைக்கு வரும். கடைமடைக்குப் போய்ச்சேர இன்னும் எத்தனை நாளோ, அது வாய்க்கால் தூர்வாரிய லட்சணத்தைப் பொறுத்தது. வறண்ட வாய்க்காலில் நுரையும் சருகுமாக முதல் நீர் ஊர்ந்து வரும்போது "தண்ணீர் வந்துவிட்டது, தண்ணீர் வந்துவிட்டது" என்று ஓடிவரும் சிறுவனிடம் கூறியது கூறல் என்று குற்றம் கண்டால் நம்மைத்தான் வாய்க்காலில் தள்ளுவார்கள். மேடையில் ஒருவர் ஒரு தொடரையே ஒவ்வொரு வாக்கியத்தின் தலைப்பிலும் வைத்துப் பேசினால் அது அனாஃபரா, வாதம் வலுக்கும். ஆதாரம் கேட்டவரிடம் அதே தொடரை மூன்றாம் முறையும் உரத்துச் சொன்னால் அது வெறும் தொண்டை வலி.

(போகிற போக்கில் ஒன்று. "மேட்டூர் திறந்துவிட்டார்களா?" என்று கேட்கிறோமே, அதில் மேட்டூர் என்பது ஊரில்லை, அணை. மெட்டானமி என்ற சொல்லைப் பார்த்து மிரளும் பிள்ளைகள் ஆகுபெயரைத் தினமும் வாயில் வைத்திருக்கிறார்கள்.)

வகுப்பில் சொல்வதை விட வெளியில் கேட்பது மனத்தில் நிற்கும். சம்பா அறுவடையின்போது ஒரு நெல் கொள்முதல் நிலையத்தில் அரை மணி நேரம் நின்றிருந்தேன். முதல் நாள் எதிர்பாராத மழை. களத்தில் நெல் குவியல்கள், மேலே தார்ப்பாய், தார்ப்பாயில் தேங்கிய தண்ணீரை ஒரு பையன் குச்சியால் தள்ளிக்கொண்டிருந்தான். ஈரப்பதம் பதினேழு சதவீதத்துக்கு மேல் போனால் எடுக்கக்கூடாது என்பது விதி. கருவியில் பத்தொன்பது காட்டியது.

"தம்பி, மழையை நானா பெய்யச் சொன்னேன்?" என்றார் பெரியவர்.

"ஐயா, உங்களுக்கு விட்டுக்கொடுத்தால் நாளைக்கு எல்லோரும் வருவார்கள். அப்புறம் சேற்றையே மூட்டை கட்டிக்கொண்டு வந்து நிற்பார்கள்" என்றார் எழுத்தர்.

பின்னால் நின்ற ஒருவர் குறுக்கே விழுந்தார்: "அவருக்கு நிலம் ஏது? குத்தகைக்காரர். அவர் பேச்சை எடுத்துக்கொண்டு நேரத்தை வீணாக்காதீர்கள்."

பெரியவர் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கை நெல்லை எடுத்துக் கருவிக்குப் பக்கத்தில் வைத்தார். "குவியலின் ஓரத்தில் எடுத்துப் பார்த்தீர்கள். ஓரத்தில் நேற்றுச் சாரல் அடித்தது. நடுவில் எடுத்துப் பாருங்கள்."

ஒரு மாதப் பாடம் அங்கே அரை மணியில் நடந்தது. மழையை நானா பெய்யச் சொன்னேன் என்பது அசல் ரெடாரிக்கல் கொஸ்டின். விடை எல்லோருக்கும் தெரியும், நெஞ்சையும் தொடுகிறது. ஆனால் பத்தொன்பது பதினேழாகிவிடாது. பெரியவருக்கும் அது தெரியும். அதனால்தான் அதோடு நிற்கவில்லை. எழுத்தர் சொன்னது ஸ்லிப்பரி ஸ்லோப். ஒருவருக்கு இரண்டு சதவீதம் தளர்த்துவதிலிருந்து சேற்று மூட்டை வரை நடுவில் எத்தனையோ படிகள் இருக்கின்றன, ஒன்றையும் அவர் காட்டவில்லை. சேற்று மூட்டை மிகைப்படுத்தல்தான், சிரிக்கவும் வைக்கிறது. ஆனால் காரணத்தின் இடத்தில் வந்து உட்கார்ந்ததால் போலியானது. குறுக்கே விழுந்தவருடையது ஆட் ஹோமினெம். நெல்லின் ஈரத்துக்கும் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்பதற்கும் என்ன தொடர்பு?

ஆட் ஹோமினெம் என்றால் திட்டுவது என்று பலரும் எழுதுகிறார்கள். இல்லை. 'நீ சொல்வது இந்தக் காரணத்தால் தவறு, மேலும் நீ ஒரு முட்டாள்' என்பது மரியாதைக் குறைவு மட்டுமே. 'நீ முட்டாள், ஆகவே நீ சொல்வது தவறு' என்பதுதான் பிழை. அந்த 'ஆகவே'யில் இருக்கிறது எல்லாம்.

இன்னொன்றையும் அந்தக் களத்தில் கவனித்தேன். எழுத்தரின் வாதம் போலி என்பதால் விதி தவறாகிவிடவில்லை. ஈர நெல் கிடங்கில் முளைவிடும், கறுக்கும். பதினேழுக்குத் தக்க காரணம் இருக்கிறது. அவர் அதைச் சொல்லவில்லை, அவ்வளவே. எதிராளியின் வாதத்தில் ஓட்டை கண்டுபிடித்ததுமே அவர் முடிவும் பொய் என்று கொடியேற்றிவிடும் பழக்கம் நம் கல்லூரி விவாத மேடைகளில் தொற்றுநோய். அதுவும் ஒரு ஃபாலசி, பட்டியலில் அதற்கும் இடம் உண்டு.

விவாத மேடைகள் என்றதும் நினைவுக்கு வருகிறது. 2020இல் காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் சட்டம் வந்தபிறகு, எண்ணெய்க் கிணறு பற்றிய தலைப்பு எந்த ஆங்கில விவாதத்திலும் தவறாது. ஒருபக்கம் 'வயலா, வேலைவாய்ப்பா, இரண்டில் ஒன்று சொல்' என்று கேட்கும். இரண்டு மட்டும்தான் இருப்பது போல அடைத்துவைப்பது. மறுபக்கம் எரிவாயுவே வேண்டாம் என்று சொல்லியிருக்காது. சொன்னதாக ஆக்கி, "அப்படியானால் விறகடுப்புக்குத் திரும்பச் சொல்கிறாயா?" என்று கேட்டால் திணறும். ஸ்ட்ரா மேன் என்பதை வைக்கோல் ஆள் என்று சொன்னால் டெல்டாவில் விளக்கமே வேண்டாம். ஆளை அடிக்க முடியாதபோது அவர் சட்டையைப் போட்ட வைக்கோல் பொம்மையை அடிப்பது.

சொல்லுக்கு இரண்டு பொருள் இருப்பதால் வரும் பிழைக்கு நாகப்பட்டினத்துக் காத்தான் சத்திரத்தை விட்டால் வேறு எங்கே போவது? பசியோடு காத்திருந்த காளமேகம் பாடியதாக வழங்கும் தனிப்பாடல் அது. பொழுது சாயும்போதுதான் அரிசி வந்து சேரும். குத்தி உலையில் போடுவதற்குள் ஊர் அடங்கிவிடும். ஓர் அகப்பைச் சோறு இலையில் விழுவதற்குள் வெள்ளி முளைத்துவிடும். இதைவிட அழகாக ஒரு சாப்பாட்டுக் கடையைத் திட்ட முடியாது. சத்திரக்காரர் வருந்தியதும் புலவர் அதே பாட்டுக்கு வேறு பொருள் சொன்னார் என்பார்கள். ஊர் அடங்கும் என்றால் ஊரின் பசி அடங்கும். வெள்ளி எழும் என்றால் சோற்றின் வெண்மைக்கு முன் வெள்ளி நிற்க முடியாமல் எழுந்து ஓடும். ஓர் எழுத்தும் மாறவில்லை, வசை வாழ்த்தாகிவிட்டது. அரிஸ்டாட்டிலின் முதல் ஆறில் இதுவும் அடக்கம்: சொல் ஒன்று, பொருள் இரண்டு. பாட்டில் சிலேடை என்று கைதட்டுகிறோம், ஏனென்றால் இரண்டு பொருளும் நமக்குத் தெரியும்படி விளையாடப்படுகிறது. ஒப்பந்தத்தில் ஒரு சொல்லை ஒரு பொருளில் காட்டிக் கையெழுத்து வாங்கி, பணம் கொடுக்கும்போது மற்றப் பொருளுக்குத் தாவினால் அது ஈக்விவகேஷன்.

கும்பகோணத்துக்கென்றே ஒரு தனிப் போலி உண்டு. ஆங்கிலத் தாளில் தோற்கும் ஒவ்வொரு பிள்ளையும் அதை ஒருமுறையாவது சொல்லும்: "ராமானுஜனே இங்கிலீஷில் ஃபெயில்தான் சார்." சாரங்கபாணி சன்னதித் தெருவில் வளர்ந்த ராமானுஜன் 1904இல் இங்குள்ள அரசுக் கல்லூரியில் சேர்ந்தார், கணக்கைத் தவிர வேறெதிலும் மனம் செல்லாமல் உதவித்தொகையை இழந்தார் என்பது உண்மை. அதே கல்லூரியில் படித்து, ஆங்கிலப் பேச்சால் வெள்ளி நாவினர் என்று பெயர் வாங்கிய வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியை இவர்கள் யாரும் மேற்கோள் காட்டுவதில்லை. தோற்ற ஆயிரம் பேரில் நினைவில் நிற்பவர் ஒருவரே. அவரைக் கொண்டு தோல்வியே மேதைமைக்கு அறிகுறி என்று நிறுவுகிறார்கள். ஒன்றிரண்டைப் பார்த்து எல்லாவற்றுக்கும் முடிவுகட்டும் இந்தப் பிழைக்கு ஹேஸ்டி ஜெனரலைசேஷன் என்று பெயர். அதற்குப் பக்கத்து வீட்டுக்காரர்தான் போஸ்ட் ஹாக்: இன்னார் கையால் மதகு திறந்தது, அந்த ஆண்டு குறுவை நன்றாக விளைந்தது, ஆகவே அவர் கைராசி. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று எழுதினால் தேர்வில் மதிப்பெண் கிடைக்குமா தெரியாது. புரிந்துவிட்டது என்பது எனக்குத் தெரியும்.

தேர்வுக்காகவும் ஒரு வார்த்தை. 'இவ்வரியில் அலிட்டரேஷன் (மோனை) உள்ளது' என்று எழுதி நிறுத்துவது, சிலம்பைக் காட்டி இது சிலம்பு என்று சொல்வது போல. அது அங்கே என்ன வேலை செய்கிறது, எடுத்துவிட்டால் எது குறையும் என்று அடுத்த வாக்கியத்தை எழுதவேண்டும். போலிக்கும் அப்படியே, பெயரைச் சொன்னால் போதாது, எந்த 'ஆகவே' எங்கே வழுக்கியது என்று விரல் வைத்துக் காட்டவேண்டும்.

இதையெல்லாம் சொல்லி முடித்த அன்று, கருவாட்டு மீன் வரைந்த அதே மாணவி பேருந்து நிறுத்தம் வரை பேசிக்கொண்டே வந்தாள். "சார், தப்புச் செய்தது அரசனும் பொற்கொல்லனும். எரிந்தது ஊர். கண்ணகி செய்தது ஹேஸ்டி ஜெனரலைசேஷன் இல்லையா?"

பதில் தயாராக வைத்திருந்தேன். பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், முதியவர், குழந்தை ஆகியோரை விட்டுவிட்டுத் தீயவர் பக்கமே சேர்க என்றுதான் அவள் தீக்கு ஆணையிட்டாள் என்றேன். விதிவிலக்குகளை எண்ணிச் சொல்லியிருக்கிறாள், பார்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். "மிச்சம் இருந்தவர்கள் எல்லோரும் தீயவர்கள் என்று யார் சார் விசாரித்தது? அவளும் தேராமல்தானே?"

நாகப்பட்டினம் பஸ் வந்துவிட்டது. ஏறிக்கொண்டாள்.